புற்றுநோயும் கஞ்சாவும்: அறிகுறிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சா என்றதும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவருக்கு அது சர்வரோக நிவாரணி, இன்னொருவருக்கு வெறும் போதைப்பொருள். நடுவில் மாட்டிக்கொள்பவர், கீமோ முடிந்த மூன்றாம் நாள் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட வயிற்றில் நிறுத்த முடியாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளி. இந்தக் கேள்வி-பதில் அவருக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும். கஞ்சா பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை அந்தந்த ஊரில்தான் விசாரிக்க வேண்டும். இங்கே பேசப்போவது உடம்பைப் பற்றி.

'அறிகுறிச் சுமை' என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

வலி, குமட்டல், சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை, மூச்சுத்திணறல், பயம், மனச்சோர்வு. புற்றுநோயில் இவை தனித்தனியாக வருவது அபூர்வம். வலித்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் எழ முடியாது, எழ முடியாதவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்காரும் மொத்த பாரத்தைத்தான் அறிகுறிச் சுமை என்கிறார்கள்.

இதை அளக்க 1991-இல் கனடாவின் எட்மன்டன் நகரில் ஒரு படிவம் உருவானது. ஒவ்வோர் அறிகுறிக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை நோயாளியே மதிப்பெண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, பத்து என்றால் இதற்குமேல் தாங்க முடியாது. ஒருவர் வலிக்கு 4, சோர்வுக்கு 7, குமட்டலுக்கு 3, பசியின்மைக்கு 6, கவலைக்கு 5 என்று போடுகிறார் என வைத்துக்கொள்ளுங்கள். 'வலி எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்டால் 'பரவாயில்லை' என்பார். கூட்டிப் பார்த்தால் 25. அந்த 25-ஐ யாரும் கேட்காதபோதுதான் பலர் தாங்களாகவே ஏதாவது தேடிப் போகிறார்கள்.

கஞ்சா பயன்படுத்தும் புற்றுநோயாளிகளுக்கு அறிகுறிகள் அதிகமாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றனவாமே? அப்படியானால் கஞ்சாதான் அவற்றைக் கூட்டுகிறதா?

இந்தத் துறையில் மிக அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படும் முடிவு இதுதான்.

பல கணக்கெடுப்புகளில், பயன்படுத்துவோர் பயன்படுத்தாதவர்களைவிட அதிக வலி, குமட்டல், தூக்கமின்மை, கவலை ஆகியவற்றைச் சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் தைலப் புட்டிகள் நிறைய இருக்கும் வீட்டில் தலைவலிக்காரர் ஒருவர் இருப்பார். தைலம்தான் தலைவலியைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரே நாளில் ஒரே படிவத்தில் 'பயன்படுத்துகிறீர்களா? எவ்வளவு வலி?' என்று கேட்டால், எது முதலில் வந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

அதற்காக எதிர்ப்பக்கத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. கஞ்சாவே சோர்வையும் தலைச்சுற்றலையும் படபடப்பையும் தரக்கூடியது. நீண்ட நாள் அதிகமாகப் பயன்படுத்தினால் வாந்தியைக்கூடக் கொண்டுவரும் (அது கீழே தனியாக வருகிறது). ஆக அம்பு இரண்டு பக்கமும் பாயலாம். நோய் முற்றியவர், கடுமையான சிகிச்சையில் இருப்பவர் என்ற மூன்றாவது காரணம் இரண்டையும் சேர்த்து இழுத்திருக்கவும் கூடும்.

சரி, அதே கணக்கெடுப்புகளில் பயன்படுத்துவோரில் பெரும்பாலானோர் 'எனக்கு இது உதவுகிறது' என்றும் சொல்கிறார்களே? அதையும் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். உதவாதவர்கள் முன்பே நிறுத்தியிருப்பார்கள். 'இப்போது பயன்படுத்துவோர்' பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் நல்ல சேதிதான் வரும்.

இந்தப் புள்ளிவிவரத்திலிருந்து எனக்குக் கிடைக்கும் நடைமுறைச் செய்தி ஒன்றுதான். ஒரு நோயாளி கஞ்சா பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால், அவருக்குச் சரியாகக் கவனிக்கப்படாத அறிகுறி ஏதோ ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். 'ஏன் பயன்படுத்தினாய்?' என்று அதட்டுவதைவிட 'எதற்காகத் தேவைப்பட்டது?' என்று கேட்பது பயன் தரும்.

உண்மையில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?

சட்டம், வயது, ஊர் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கஞ்சா சட்டபூர்வமான அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலின் ஒரு புற்றுநோய் மையத்தில் 926 பேரிடம் கேட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. முந்தைய ஓராண்டில் பயன்படுத்தியவர்கள் 24 சதவீதம். அதைவிட என்னை நிறுத்திப் படிக்கவைத்தது இன்னொரு கணக்கு: 74 சதவீதம் பேர் இதைப் பற்றிய தகவல் தங்கள் சிகிச்சைக் குழுவிடமிருந்து வர வேண்டும் என்றார்கள், அப்படிக் கிடைத்தவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. மீதிப்பேர் யாரிடம் கேட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கஞ்சா உடம்பில் எப்படி வேலை செய்கிறது?

செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இரண்டு முக்கியம்: போதை தரும் டி.எச்.சி., போதை தராத சி.பி.டி. டி.எச்.சி.-யைத் தனியே பிரித்து அதன் அமைப்பைச் சொன்னவர்கள் இஸ்ரேலின் ரஃபேல் மெஷூலமும் யெகியேல் காவோனியும், 1964-இல். நம் மூளையே இதைப் போன்ற பொருளைச் சுரக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1992-இல் கண்டுபிடித்த அந்தப் பொருளுக்கு 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். இவை போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் வாந்தி, வலி, பசி, நினைவு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் நிறைய உண்டு. அதனால்தான் குமட்டலைக் குறைக்கும் அதே பொருள் ஞாபகத்தையும் தடுமாற வைக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

கீமோவால் வரும் குமட்டல், வாந்திக்கு உதவுமா?

ஓரளவு உதவும். புற்றுநோய் அறிகுறிகளில் கஞ்சாவுக்கு உருப்படியான சான்று இருக்கும் ஒரே இடம் என்றுகூடச் சொல்லலாம்.

1975-லேயே டி.எச்.சி. மாத்திரை வாந்தியைக் குறைப்பதாக ஓர் ஆய்வு வந்தது. 1985-இல் அமெரிக்காவில் ட்ரோனாபினால், நாபிலோன் என்ற, டி.எச்.சி. வகையைச் சேர்ந்த இரண்டு செயற்கை மருந்துகளுக்கு, மற்ற மருந்துகள் பலிக்காத வாந்திக்கு என்று அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்து ஆய்வுகளில் கன்னாபினாய்டுகள் மோதியது அந்தக் காலத்து மருந்துகளோடு. 1990-களில் ஆன்டான்செட்ரானும், 2003-இல் அப்ரெபிடன்ட்டும், அப்புறம் ஒலான்சபினும் என்று வேறு மருந்துகள் வந்து வாந்தித் தடுப்பையே மாற்றிவிட்டன. ஆகவே 'கீமோ வாந்திக்குக் கஞ்சா நல்லது என்று எண்பதுகளிலேயே நிரூபித்துவிட்டார்கள்' என்பது பாதிக் கதை.

மீதிக் கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. இப்போதைய மருந்துகளைக் கொடுத்தும் வாந்தி நிற்காதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த மருந்துகளோடு கூடுதலாக 2.5 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. கலந்த கேப்ஸ்யூலை ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். 147 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது: வாந்தியும் இல்லாமல், அவசர மருந்தும் தேவைப்படாமல் தப்பியவர்கள் போலி மருந்தில் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) 8 சதவீதம், கஞ்சா கேப்ஸ்யூலில் 24 சதவீதம். அதாவது ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன். அதற்கு முந்தைய கட்ட ஆய்வில் 31 சதவீதம் பேருக்கு மயக்கம், தலைச்சுற்றல், குழப்பம் போன்ற பக்கவிளைவுகள் ஓரளவோ கடுமையாகவோ வந்தன. அப்படியிருந்தும் 83 சதவீதம் பேர் போலி மருந்தைவிடக் கஞ்சாவையே விரும்பினார்கள். ஓயாமல் வாந்தியெடுத்தவருக்குத்தான் தெரியும், தலைச்சுற்றல் எவ்வளவு சின்ன விலை என்று.

கவனிக்க: இது கூடுதல் மருந்து, முதல் மருந்து இல்லை. வாந்தி நிற்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது 'ஒலான்சபின் சேர்த்துப் பார்த்தாயிற்றா?' என்பதுதான்.

வலிக்கு?

இங்கே எதிர்பார்ப்பு பெரிது, சான்று சிறிது. டி.எச்.சி.-யும் சி.பி.டி.-யும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த நாபிக்சிமால்ஸ் என்ற வாய்த் தெளிப்பானை, மார்ஃபின் வகை மருந்துகளால் அடங்காத புற்றுநோய் வலி உள்ளவர்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். முதன்மை அளவுகோலில் அது போலி மருந்தை வெல்லவில்லை. நரம்பு வலியில் சிலருக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம். ஆனால் மற்ற நோய்களின் நரம்பு வலியில் கிடைத்த முடிவைக் கீமோவால் வரும் கைகால் மரத்துப்போதலுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது.

இதில் ஒரு நிஜமான ஆபத்து உண்டு. 'மார்ஃபின் வேண்டாம், இதுவே போதும்' என்று தானாகவே மார்ஃபினை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வலி திரும்ப ஏறும். திடீரென நிறுத்தியதால் வேறு தொல்லைகளும் வரும். இரண்டையும் சேர்த்து எடுத்தாலோ மயக்கம் கூடும், கீழே விழும் வாய்ப்பும் கூடும். குறைப்பதானாலும் கூட்டுவதானாலும் எழுதிக்கொடுத்தவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பசி எடுக்குமா? எடை கூடுமா?

புகைத்தவருக்குப் பசி எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் முற்றிய புற்றுநோயில் உடம்பு இளைப்பது பசியின்மையால் மட்டும் அல்ல. நோய் உடம்பின் தசையையே கரைக்கிறது. 2002-இல் வந்த ஓர் ஆய்வில் மெஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்து 75 சதவீதம் பேருக்குப் பசியைக் கூட்டியது, ட்ரோனாபினால் 49 சதவீதம் பேருக்கு. 2006-இல் கஞ்சாச் சாற்றைப் போலி மருந்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லை. சிலருக்குச் சாப்பாட்டின் ருசி திரும்பியதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அவ்வளவுதான்.

தூக்கத்துக்கும் கவலைக்கும்?

டி.எச்.சி. சீக்கிரம் தூங்கவைக்கலாம். ஆனால் தினமும் எடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும், நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும். கவலை விஷயத்தில் அளவுதான் எல்லாம்: சிறிய அளவு அமைதிப்படுத்தும், அதிக அளவு பயத்தைக் கிளப்பும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்கள் டி.எச்.சி. பக்கமே போகாமலிருப்பது நல்லது.

போதை தராத சி.பி.டி. எண்ணெய் மட்டும் எடுத்துக்கொண்டால்?

இதற்கு ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், முற்றிய புற்றுநோயில் வலிதணிப்புச் சிகிச்சை (வலி மட்டுமல்ல, எல்லா அறிகுறிகளையும் தணிக்கப் பார்க்கும் பராமரிப்பு) பெறுபவர்களிடம் செய்தது, 2023-இல் வெளியானது. பாதிப் பேருக்குச் சி.பி.டி. எண்ணெய், பாதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் வெறும் எண்ணெய். மேலே சொன்ன எட்மன்டன் படிவத்தின் மொத்த மதிப்பெண்தான் அளவுகோல். இரண்டு வாரத்தில் சி.பி.டி. எடுத்தவர்களின் சுமை குறைந்தது. வெறும் எண்ணெய் எடுத்தவர்களின் சுமையும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது.

இதைச் 'சி.பி.டி. வேலை செய்யாது' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது இன்னொன்று: எல்லோருக்கும் நல்ல வலிதணிப்புச் சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது, அடிக்கடி ஒருவர் வந்து 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வெறும் எண்ணெய்க் குழுவிலும் சுமை இறங்கியதற்கு அதற்கும் பங்கு இருந்திருக்கும். வெளியே வாங்கிய எண்ணெயால் குணம் தெரிந்தது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. எண்ணெய்தான் அதைச் செய்தது என்பதுதான் உறுதியில்லை.

கஞ்சா புற்றுநோயையே குணப்படுத்தும் என்கிறார்களே?

இல்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் கன்னாபினாய்டுகள் கட்டி வளர்ச்சியைத் தடுத்திருக்கின்றன. 1975-லிருந்தே அப்படிப்பட்ட கட்டுரைகள் உண்டு. தட்டில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பிளீச்சிங் பவுடர் உட்பட. மனிதர்களில் நிரூபணம் கிடையாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவ ஆய்வுக்கு வெளியே புற்றுநோய்க்கான சிகிச்சையாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், இழந்த மாதங்கள் திரும்பி வராது.

புகைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் என்ன வித்தியாசம்?

நேரம். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒன்றுமே தெரியாது. பிறகு ஏறினால் ஆறு எட்டு மணி நேரம் நிற்கும். போதாக்குறைக்கு, கல்லீரல் டி.எச்.சி.-யை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்புகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். இரவு எட்டு மணிக்குக் கஞ்சா கலந்த மிட்டாய் ஒன்றைச் சாப்பிடுகிறார். எட்டே முக்காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. 'இது வேலை செய்யல போல' என்று இன்னொன்று. ஒன்பதரைக்கு முதலாவது ஏறுகிறது. பத்தே காலுக்கு இரண்டாவது அதன்மேல் ஏறுகிறது. நெஞ்சு படபடக்கிறது, சுவர் நகர்கிறது, எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து கால் துவளுகிறது. கீமோவால் ரத்தத் தட்டுகள் (ரத்தத்தை உறையவைப்பவை) குறைந்திருக்கும் ஒருவர் அந்த நேரத்தில் குளியலறையில் விழுந்தால் அது சாதாரண அடியாக இருக்காது. வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது புகைக்கலாமா?

வேண்டாம். காய்ந்த செடியில் பூஞ்சை இருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை வெள்ளணுக்கள் குறைந்தவரின் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், ரத்தப் புற்றுநோயாளிகள் இதில் ரொம்பவே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேப் கருவி (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுப்பது) பாதுகாப்பான மாற்று என்று நினைப்பவர்கள், 2019-இல் அமெரிக்காவில் டி.எச்.சி. வேப் திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு தொடர்புபட்ட நுரையீரல் பாதிப்புகளை நினைவில் வைக்கலாம்.

மற்ற மருந்துகளோடு மோதுமா?

மோதும். சி.பி.டி.-யும் டி.எச்.சி.-யும் கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் அதே நொதிகளைப் பிடித்துக்கொள்கின்றன. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். மாற்று உறுப்பு பெற்றவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் ஏறலாம். அதிக அளவு சி.பி.டி. கல்லீரல் பரிசோதனை எண்களையே உயர்த்தும். கீமோவும் அதையே செய்யக்கூடியது என்பதால், மருத்துவர் கீமோவைக் குற்றம் சொல்லி அளவைக் குறைத்துவிட வாய்ப்புண்டு.

இம்யூனோதெரபி (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) பெறுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இஸ்ரேலில் செய்த சில ஆய்வுகளில், கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு இம்யூனோதெரபி குறைவாகவே பலன் தந்தது. இவை யாருக்கும் கஞ்சா கொடுத்துச் சோதிக்காமல், நடந்ததைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள் மட்டுமே. நோய் முற்றியவர்கள்தான் கஞ்சாவையும் நாடியிருக்கலாம். தைலப்புட்டிக் கதை இங்கேயும் உண்டு. இருந்தாலும் பணயம் பெரியது என்பதால், இம்யூனோதெரபியில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதிருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வாந்திக்காக எடுத்தேன், இப்போது வாந்தி அதிகமாகிவிட்டது. ஏன்?

கீமோவாக இருக்கலாம், குடல் அடைப்பாக இருக்கலாம், மூளைக்குப் பரவியதாக இருக்கலாம். முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் பயன்படுத்துபவர்களில் சிலருக்குக் கஞ்சாவே கட்டுக்கடங்காத வாந்தியைத் தரும். 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: சுடச்சுட வெந்நீரில் குளித்தால் மட்டும் வாந்தி அடங்கும், அதனால் நாளெல்லாம் குளியலறையிலேயே இருப்பார்கள். நிறுத்தினால்தான் சரியாகும். கஞ்சா எடுப்பதை மருத்துவரிடம் சொல்லாதவருக்கு இந்த நோயைக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

கடையில் வாங்கும் எண்ணெய்ப் புட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

2017-இல் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 31 சதவீதத்தில்தான் லேபிள் சரியாக இருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி.-யும் இருந்தது. மருந்துக் கடையில் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்தும் இந்தப் புட்டியும் ஒன்றல்ல.

மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரோ?

சிலர் திட்டலாம். பலருக்கு இதைப் பற்றி என்ன சொல்வது என்றே தெரியாது: 2018-இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில், புற்றுநோய் மருத்துவர்களில் 80 சதவீதம் பேர் நோயாளிகளோடு கஞ்சா பற்றிப் பேசியிருந்தார்கள், பரிந்துரைக்கப் போதிய அறிவு இருப்பதாகச் சொன்னவர்கள் 30 சதவீதம்தான். வலிதணிப்புச் சிகிச்சைக் குழு இருந்தால் அவர்களிடம் பேசுவது பெரும்பாலும் எளிதாக இருக்கும்.

போகும்போது ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த அறிகுறிக்காக எடுக்கிறீர்கள், என்ன பொருள் (முடிந்தால் புட்டியையே கொண்டுபோங்கள்), எப்படி எடுக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை முறை, கடைசியாக எப்போது. எடுப்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் அந்த அறிகுறிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. ஏழு ஐந்தாகிறதா, ஏழாகவே நிற்கிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால்?

மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மயக்க மருந்தும், பிறகு வலி மருந்தும் அதிகமாகத் தேவைப்படலாம். அன்று காலை எடுத்திருந்தால் இதயத் துடிப்பு எகிறும் என்பதால், அறுவை சிகிச்சையையே தள்ளிவைக்கக்கூடும்.